வெள்ள நிவாரணமும் உறுப்பினர்களின் அறிக்கைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு பெருவெள்ளத்துக்குப் பிறகும் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும் நாடாளுமன்ற உறுப்பினரும் "இத்தனை கோடி கேட்டோம், இத்தனை கோடி வந்தது, அவையில் இவற்றை வலியுறுத்தினோம்" என்று அறிக்கை வெளியிடுகிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தாமிரபரணிக் கரை ஊர்களில் மனு எழுதிக் கொடுக்க உட்கார்ந்த காலத்தில், அந்த அறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் கேட்ட ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. 2024 இறுதியில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு விழுப்புரம், கடலூர் பக்கத்து நண்பர்களும் அதே கேள்விகளைத்தான் கேட்டார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

அண்ணாச்சி, நிவாரணப் பணம் நிவாரணப் பணம்ங்கிறாங்களே, அது யார் பணம்?

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 இரண்டு நிதிகளை ஏற்படுத்தியிருக்கிறது. ஒன்று மாநிலப் பேரிடர் நிவாரண நிதி. இதில் தமிழ்நாட்டைப் போன்ற மாநிலங்களுக்கு மத்திய அரசு 75 சதவீதமும் மாநில அரசு 25 சதவீதமும் போடுகின்றன. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு அது 90-க்கு 10. வெள்ளம் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுதோறும் இந்தப் பணம் இரண்டு தவணைகளில் வரும், ஏனென்றால் அது நிதிக்குழுவின் (மத்திய, மாநில நிதிப் பகிர்வைப் பரிந்துரைக்கும் அமைப்பு) பரிந்துரைப்படி மாநிலத்துக்கு உரிய பங்கு. மற்றொன்று தேசியப் பேரிடர் நிவாரண நிதி. மாநில நிதியால் தாங்க முடியாத அளவுக்குச் சேதம் நேரும்போது, மாநிலம் கேட்டு, மத்திய அரசு ஆய்வு செய்து, அதன் பிறகு கிடைக்கும் கூடுதல் உதவி அது.

இவை இரண்டுக்கும் வெளியே மாநில அரசின் சொந்த வரவுசெலவுத் திட்டப் பணமும், முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு மக்கள் தரும் நன்கொடையும் இருக்கின்றன. உறுப்பினரின் அறிக்கையில் ஒரு தொகையைப் பார்த்தால், அது இந்த நான்கில் எது என்று முதலில் கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ரேஷன் கடையில 6,000 ரூபாய் கொடுத்தாங்க. அது டெல்லி கொடுத்ததா, சென்னை கொடுத்ததா?

அதை அறிவித்ததும் வழங்கியதும் மாநில அரசு. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களின் பாதிக்கப்பட்ட பகுதிகளிலும் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் வழங்கப்பட்டது. அதே மாதம் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்கள் மூழ்கியபோது கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களுக்கு 6,000 ரூபாயும் மற்ற வட்டங்களுக்கு 1,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. ஃபெஞ்சலுக்குப் பிறகு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் அது 2,000 ரூபாயாக இருந்தது.

மத்திய அரசு வகுத்துள்ள உதவித்தொகை விதிகளில் ஒவ்வொரு குடும்ப அட்டைக்கும் ரொக்கம் என்ற இனமே கிடையாது. வீடு அடித்துச் செல்லப்பட்ட அல்லது வெள்ளத்தில் கடுமையாக மூழ்கிய குடும்பத்துக்குத் துணிமணிக்கு 2,500 ரூபாய், பாத்திரம் பண்டங்களுக்கு 2,500 ரூபாய் என்றுதான் இருக்கிறது. ஆகவே மாநிலம் எல்லாருக்கும் ரொக்கம் கொடுக்க முடிவெடுத்தால், விதிக்கு மேற்பட்ட செலவை அதுவே ஏற்க வேண்டும். பின்னால் வரும் பெரிய தொகைகளைப் பற்றிய சண்டையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்திருப்பது அவசியம்.

எங்க ஊர்ல மழை பெஞ்சது நிஜம்தான், ஆனா அவ்வளவு பெரிய பேரிடரா அது?

ஆம். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஓராண்டில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது என்றே இதைச் சொல்ல வேண்டும். தாமிரபரணியில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் போனது, கரையோரக் குளங்கள் உடைந்தன, ஏரல் பாலம் சேதமடைந்தது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. அந்த நாட்களைப் பார்த்தவர்களுக்கு இதை நிரூபிக்க வேண்டிய தேவையில்லை. ஆயினும் மனுவில் எழுதும்போது மழை அளவையும் தேதியையும் குறிப்பிடுவது நல்லது.

கணக்கெடுக்க வந்தவங்க என்ன எழுதிட்டுப் போனாங்கன்னே தெரியல. யார்கிட்ட கேக்கணும்?

கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். வீட்டுச் சேதத்தை அவரும் வருவாய் ஆய்வாளரும் பார்த்து எழுதுகிறார்கள், தாசில்தார் ஒப்புதல் தருகிறார். பயிர்ச் சேதத்துக்கு வேளாண்மைத் துறை அல்லது தோட்டக்கலைத் துறை அலுவலர் கூடவே வர வேண்டும். ஆடு மாடு இறந்திருந்தால் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். ஆகவே, எவ்வளவு அவசரமாக இருந்தாலும், புதைப்பதற்கு முன் தகவல் சொல்லுங்கள்; குறைந்தபட்சம் காதுவில்லை தெரியும்படி படமெடுத்து வையுங்கள்.

வீட்டுக் கணக்கில் ஒரே ஒரு கட்டத்தில் போடும் குறியில்தான் எல்லாம் இருக்கிறது. மத்திய விதிப்படி சமவெளிப் பகுதியில் முழுவதும் சேதமான வீட்டுக்கு 1,20,000 ரூபாய். குறைந்தது 15 சதவீதம் சேதமான, ஆனால் முழுதாக இடியாத கான்கிரீட் வீட்டுக்கு 6,500 ரூபாய். அதே நிலையிலுள்ள மண்வீட்டுக்கு 4,000 ரூபாய். குடிசைக்கு 8,000 ரூபாய். தென் மாவட்டங்களில் மண்சுவர்மீது ஓடு வேய்ந்த வீடுகள் ஏராளம். தண்ணீர் வடிந்த அன்று அவை நின்றுகொண்டிருக்கும். "பகுதி சேதம்" என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஊறிய சுவர் வெயில் ஏற ஏற வெடித்துப் பத்துப் பதினைந்து நாளில் சரிந்துவிடும். அப்படி நேர்ந்தால், சரிந்த தேதியைக் குறிப்பிட்டு, முன்பிருந்த நிலையையும் இப்போதைய நிலையையும் காட்டும் படங்களோடு மறு ஆய்வு கேட்டு தாசில்தாருக்கு உடனே எழுதுங்கள். இந்த ஒரு மனுவை யாரும் தள்ளிப்போடக் கூடாது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பயிருக்கு எவ்வளவு? 33 சதவீதம் 33 சதவீதம்னு சொல்றாங்களே, அது என்ன?

விளைச்சலில் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமானால்தான் இடுபொருள் மானியம் (விதை, உரம் போன்றவற்றுக்கான உதவித்தொகை) கிடைக்கும். நெல் முதலிய பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிப் பயிருக்கு 8,500 ரூபாய், வாழை, தென்னை போன்ற பல்லாண்டுப் பயிராகக் கருதப்படுபவற்றுக்கு 22,500 ரூபாய். மத்திய விதிகளில் இரண்டு ஹெக்டேர் என்ற உச்சவரம்பு உண்டு. தமிழ்நாட்டில் நெல்லுக்கு 13,500 ரூபாயாக இருந்தது 2023 டிசம்பரில்தான் 17,000 ஆனது. கறவை மாட்டுக்கான தொகை 37,500 ரூபாயாகவும் ஆட்டுக்கானது 4,000 ரூபாயாகவும் அப்போதே உயர்த்தப்பட்டன.

ஹெக்டேர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். அப்படியானால் நெல்லுக்கு ஏக்கருக்கு 7,000 ரூபாயைத் தொடவில்லை. நாற்றங்கால், நடவு, உரம் என்று அதற்குள் போட்ட செலவை எந்த விவசாயியிடம் கேட்டாலும் சொல்வார். இழப்பை ஈடுசெய்யும் தொகையாக இது வகுக்கப்படவில்லை, அடுத்த விதைப்புக்குக் கைகொடுக்கும் தொகையாகவே வகுக்கப்பட்டது. இழப்பீடு என்பது பயிர்க் காப்பீட்டின் வேலை. காப்பீடு செய்தவர்கள் மானியம் வாங்கினாலும் காப்பீட்டுத் தொகைக்கான உரிமையை இழப்பதில்லை.

நான் குத்தகைக்குப் பயிர் பண்றேன். பணம் நிலத்துக்காரர் கணக்குக்குப் போயிடுச்சு. இது நியாயமா?

நியாயம் இல்லை. சேதமடைந்த பயிர் உங்களுடையது; ஆனால் பட்டா அவருடைய பெயரில் இருக்கிறது. அடங்கலில் (கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் பயிர்ப் பதிவேடு) பயிர் செய்தவர் பெயராக உங்கள் பெயர் பதிவாகியிருந்தால் உங்களுக்குத்தான் தர வேண்டும் என்று வாதாட வழியுண்டு. வாய்மொழிக் குத்தகையில் அந்தப் பதிவை நில உரிமையாளர்கள் விரும்புவதில்லை, குத்தகைதாரர்களும் உறவு கெட்டுவிடும் என்று வற்புறுத்துவதில்லை. ஆகவே சாகுபடி தொடங்கும்போதே கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடிச் சான்று வாங்கி வைப்பது ஒன்றே நடைமுறையில் உதவுகிறது.

சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டிய முதன்மையான கோரிக்கைகளில் இது ஒன்று. மாநில வருவாய்த் துறையின் ஆணையால் தீரக்கூடிய பிரச்சினை இது. டெல்லிக்குப் போக வேண்டியதில்லை.

கடையில இருந்த சரக்கு மொத்தமும் சேறாப் போச்சு. வாடகை வீட்டுல இருந்த கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ் எல்லாம் போச்சு. எங்களுக்கு ஏதாவது உண்டா?

மத்திய விதிகளில் கடைச் சரக்குக்கு இனம் இல்லை. கைத்தறி, கைவினைத் தொழிலாளரின் கருவிகளுக்கும் மூலப்பொருளுக்கும் மட்டும் ஒரு சிறு தொகை உண்டு. வாடகைக்குக் குடியிருப்பவருக்கு வீட்டுச் சேதத் தொகை வராது, அது வீட்டுக்காரருக்குப் போகும். துணிக்கும் பாத்திரத்துக்குமான தொகையைத்தான் குடியிருப்பவர் கேட்க முடியும். புறம்போக்கில் வீடு கட்டியிருப்பவர்களுக்கு இன்னும் சிக்கல், ஏனென்றால் அனுமதி பெற்ற கட்டடம் என்று மாநில அதிகாரி சான்றளிக்க வேண்டும் என்கிறது விதி.

2023 வெள்ளத்தில் ஏரல் கடைத்தெருவின் மளிகைக் கடைகளும் பாத்திரக் கடைகளும் பட்ட பாட்டை நேரில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிவாரண விதிகளின் மிகப் பெரிய ஓட்டை இதுதான். நிலமும் வீடும் வைத்திருப்பவரை விதி பார்க்கிறது. உழைப்பையும் சரக்கையும் மட்டும் வைத்திருப்பவரைப் பார்ப்பதில்லை. மாநில அரசு சிறு வணிகர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் அறிவித்தது, உப்பளத் தொழிலாளர்களுக்கு 3,000 ரூபாய் கொடுத்தது. அவை நல்ல நடவடிக்கைகள். ஆனால் அவை ஒவ்வொரு முறையும் தனியாக அறிவிக்கப்பட வேண்டியவை, உரிமையாகக் கேட்டுப் பெறக்கூடியவை அல்ல. விதியிலேயே இடம்பெறச் செய்வது நாடாளுமன்ற உறுப்பினரின் வேலைப் பட்டியலில் முதலிடத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

37,000 கோடி கேட்டோம், 276 கோடிதான் வந்ததுன்னு எம்.பி. சொல்றார். அவ்வளவு வித்தியாசம் எப்படி?

தொகைகளை முதலில் சரியாகப் பிரித்துக்கொள்வோம். மிக்ஜாம் புயலுக்காக மாநில அரசு 19,692.69 கோடி ரூபாயும், தென் மாவட்ட வெள்ளத்துக்காக 18,214.52 கோடி ரூபாயும் கேட்டது. 2024 ஏப்ரல் இறுதியில் மத்திய உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்நிலைக் குழு புயலுக்கு 285.54 கோடியும் வெள்ளத்துக்கு 397.13 கோடியும் தேசிய நிதியிலிருந்து ஒப்புக்கொண்டது. அதில் உடனே விடுவிக்கப்பட்டது முறையே 115.49 கோடியும் 160.61 கோடியும். இரண்டையும் கூட்டினால் வருவதுதான் அந்த 276 கோடி.

இடைவெளிக்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, கேட்ட தொகையில் பெரும்பகுதி நிரந்தரச் சீரமைப்புக்கானது. மிக்ஜாம் கோரிக்கையில் மட்டும் 12,659.24 கோடி நிரந்தரச் சீரமைப்புக்கும் 7,033.45 கோடி தற்காலிகப் பணிகளுக்கும் என்று பிரித்துக் காட்டப்பட்டிருந்தது. நிவாரண நிதியோ சாலையை உடனடியாகப் போக்குவரத்துக்கு ஏற்றதாக்குவது, உடைந்த கரையை அடைப்பது போன்ற உடனடி வேலைகளை மட்டும், அதுவும் கிலோமீட்டருக்கு இவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு என்ற உச்சவரம்புக்குள் மட்டுமே ஏற்கும். இரண்டாவது, முன்பே சொன்ன குடும்ப அட்டை ரொக்கம் போன்ற செலவுகள் விதியில் இல்லாததால் கணக்கிலேயே சேர்வதில்லை. மூன்றாவது, மாநில நிதியில் ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த இருப்பில் 50 சதவீதத்தைக் கழித்துக்கொண்டுதான் தேசிய நிதியிலிருந்து பணம் விடுவிக்கப்படும். ஒப்புதலுக்கும் விடுவிப்புக்கும் இடையில் இடைவெளி விழுவது இதனால்தான்.

ஆகவே ஒரு தரப்பு "ஒன்றுமே தரவில்லை" என்பதும் மறு தரப்பு "விதிப்படி எல்லாம் தந்துவிட்டோம்" என்பதும் இரண்டுமே மக்களுக்கு முழு விவரத்தைத் தருவதில்லை. விதிப்படி தந்தது உண்மையாக இருக்கலாம். அந்த விதி 95 சென்டிமீட்டர் மழைக்குப் போதுமா என்பதுதான் அவையில் எழுப்பப்பட வேண்டிய கேள்வி. ஃபெஞ்சலுக்குப் பிறகும் இதே வரிசை தொடர்ந்தது. மாநிலம் 6,675 கோடி கேட்டது; 2025 ஏப்ரலில் தேசிய நிதியிலிருந்து 522.34 கோடிக்கு ஒப்புதல் வந்தது.

900 கோடி ஏற்கெனவே கொடுத்தாச்சுன்னு மத்திய நிதியமைச்சர் சொன்னாங்களே, அது பொய்யா?

பொய் இல்லை. 2023-24ஆம் ஆண்டுக்கான மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் மத்திய அரசின் பங்கு 900 கோடி. 450 கோடி வீதம் இரண்டு தவணைகளாகத் தரப்பட்டது. இரண்டாவது தவணையை மிக்ஜாமை ஒட்டி முன்கூட்டியே விடுவிக்க டிசம்பர் 7 அன்று உத்தரவிடப்பட்டது. அடுத்த ஆண்டு ஃபெஞ்சலுக்குப் பிறகு 944.80 கோடி விடுவிக்கப்பட்டதும் இதே வகைதான்.

ஆனால் முதல் பதிலில் சொன்னதுபோல, அது வெள்ளம் வராவிட்டாலும் வந்திருக்க வேண்டிய பங்கு. ஆகவே அதை வெள்ளத்துக்காகத் தந்த சிறப்பு உதவியாகச் சொல்வது பொருந்தாது. அதே நேரத்தில் அதைக் கணக்கிலேயே சேர்க்காமல் பேசுவதும் பொருந்தாது. உங்கள் உறுப்பினர் எந்தக் கட்சியாக இருந்தாலும், ஆண்டுப் பங்கையும் கூடுதல் உதவியையும் தனித்தனி வரிகளில் எழுதச் சொல்லுங்கள்.

தேசியப் பேரிடர்னு அறிவிச்சிருந்தா பணம் கொட்டியிருக்கும்ல?

அப்படி அறிவிப்பதற்குச் சட்டத்திலோ நிதி விதிகளிலோ வழி கிடையாது. மத்திய அரசு எந்தக் கட்சியின் கையில் இருந்தாலும் இந்தப் பதிலைத்தான் சொல்லி வந்திருக்கிறது. இருப்பது "கடும் தன்மையுள்ள பேரிடர்" என்ற வகைப்பாடு. 2024 ஜூலை 30 அன்று கேரளத்தின் வயநாட்டில் நிகழ்ந்த நிலச்சரிவை அவ்வாறு வகைப்படுத்தியதாகக் கடிதம் வர அந்த ஆண்டு டிசம்பர் இறுதி வரை ஆனது. அந்த வகைப்பாடு கிடைத்தாலும் பணம் தானாக வருவதில்லை. ஆனால் நாட்டின் எந்த மூலையில் உள்ள நாடாளுமன்ற உறுப்பினரும் தம் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து ஒரு கோடி ரூபாய் வரை பாதிக்கப்பட்ட மாவட்டத்துக்குப் பரிந்துரைக்கும் வழி அதனால் திறக்கிறது.

"தேசியப் பேரிடராக அறிவிக்க வேண்டும்" என்ற முழக்கத்துக்குச் செலவிடும் நேரத்தை, கடும் பேரிடர் என்று வகைப்படுத்தக் காலக்கெடு வேண்டும் என்ற கோரிக்கைக்குச் செலவிட்டால் பயன் அதிகம்.

எம்.பி. தொகுதி நிதி வருஷத்துக்கு 5 கோடி இருக்கே. அதுலருந்து எங்க வீட்டைக் கட்டித் தரக் கூடாதா?

கூடாது. அந்த நிதி பொதுச் சொத்தை உருவாக்குவதற்கானது. தனியொருவருக்கு வீடு கட்டவோ ரொக்கம் தரவோ அதில் இடமில்லை. நிவாரணக் கூடம், சிறுபாலம், பள்ளிச் சுற்றுச்சுவர், குடிநீர்த் தொட்டி போன்றவற்றுக்குக் கேட்கலாம். உறுப்பினர் பரிந்துரைக்க மட்டுமே முடியும், செயல்படுத்துவது மாவட்ட நிர்வாகம். சட்டமன்ற உறுப்பினரின் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்த் தொகுதி நிதிக்கும் இதே அடிப்படைதான்.

அப்ப எம்.பி.யும் எம்.எல்.ஏ.யும் நமக்கு என்னதான் செய்ய முடியும்? மனு கொடுத்து என்ன பயன்?

இருவரும் காசோலையில் கையெழுத்திடும் இடத்தில் இல்லை. ஆனால் அந்தக் காசோலையில் எவ்வளவு எழுத வேண்டும் என்ற விதியைக் கேள்வி கேட்கும் இடத்தில் இருக்கிறார்கள். கணக்கெடுப்பு விடுபடல், குத்தகைதாரர் பிரச்சினை, குளக்கரைச் சீரமைப்பு, ரொக்க உதவியின் அளவு ஆகியவை மாநில அரசின் கையில் உள்ளவை. ஆகவே சட்டமன்ற உறுப்பினர் வருவாய்த் துறை, நீர்வளத் துறை மானியக் கோரிக்கைகளின்போது (அந்தத் துறைகளுக்கான நிதி ஒதுக்கீட்டை அவை விவாதிக்கும்போது) பேச வேண்டும், கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டுவர வேண்டும். உதவித்தொகை விதி, 50 சதவீதக் கழிவு, கடும் பேரிடர் வகைப்பாடு ஆகியவை மத்திய உள்துறையின் கையில் உள்ளவை. அவற்றை நாடாளுமன்ற உறுப்பினர் எழுத்துப்பூர்வக் கேள்வியாக எழுப்ப வேண்டும்.

எழுத்துப்பூர்வக் கேள்விக்கு அமைச்சர் தரும் பதில் அவைப் பதிவேட்டில் நிற்கும். மேடைப் பேச்சுக்கு அந்த வலிமை இல்லை. தனிநபர் மசோதா (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா) கொண்டுவந்திருக்கிறேன் என்று உறுப்பினர் சொன்னால் மகிழுங்கள், ஆனால் அது சட்டமாகும் என்று காத்திருக்க வேண்டாம்: 1970-க்குப் பிறகு ஒரு தனிநபர் மசோதாகூட நாடாளுமன்றத்தில் நிறைவேறியதில்லை. ஒரு கோரிக்கையைப் பதிவு செய்யவும் விவாதமாக்கவும் அது உதவும், அவ்வளவே.

பேரிடர்ச் சட்டத்தை மாத்திட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். நமக்கு அதனால லாபமா நட்டமா?

இரண்டும் இருக்கின்றன. 2024 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா அந்த ஆண்டு டிசம்பரில் மக்களவையிலும் 2025 மார்ச்சில் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் தனி நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க அது வழிசெய்கிறது. மாநகராட்சி ஆணையர் தலைவராகவும் மாவட்ட ஆட்சியர் துணைத்தலைவராகவும் இருப்பார்கள். தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மாநகராட்சிகள் என்பதால் இது நம்மை நேரடியாகத் தொடுகிறது. வடிகால், குளம், குடியிருப்பு அனைத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பேச இப்படி ஓர் அமைப்பு தேவைதான். அதற்கெனத் தனி நிதியைச் சட்டம் உறுதி செய்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

நட்டம் என்று நான் கருதுவது 13ஆம் பிரிவு நீக்கப்பட்டதை. மிகக் கடுமையான பேரிடர்களில் பாதிக்கப்பட்டவர்களின் கடனைத் திருப்பிச் செலுத்துவதில் சலுகை தரவும், எளிய நிபந்தனைகளில் புதுக் கடன் தரவும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பரிந்துரைக்கலாம் என்றது அந்தப் பிரிவு. வயநாட்டில் எல்லாவற்றையும் இழந்தவர்களின் கடனைத் தள்ளுபடி செய்வது பற்றிய வழக்கு கேரள உயர் நீதிமன்றத்தில் நடந்தபோது, அந்தப் பிரிவே இப்போது சட்டத்தில் இல்லை என்று மத்திய அரசு எடுத்துச் சொன்னது. வீடும் கடையும் போன பிறகும் தவணை கட்டச் சொல்லி வங்கியிலிருந்து தொலைபேசி வரும் குடும்பங்களுக்கு இது எத்தகைய அடி என்பதை விளக்க வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலின்படி கடன் தவணையை மாற்றியமைக்கக் கேட்கும் வழி மட்டும் இன்னும் இருக்கிறது. கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். நீக்கப்பட்ட பிரிவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதை நாடாளுமன்ற உறுப்பினரின் முன்னுரிமைகளில் ஒன்றாகக் கேட்பது நம் உரிமை.

கோர்ட்டுக்குப் போனாங்களே, அது என்ன ஆச்சு?

தமிழ்நாடு அரசு 2024 ஏப்ரலில் அரசியல் சாசனத்தின் 131ஆம் பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் இடையிலான வழக்கை உச்ச நீதிமன்றமே நேரடியாக விசாரிக்கும் பிரிவு அது. அதே காலத்தில் கர்நாடக அரசும் வறட்சி நிவாரணத்துக்காக உச்ச நீதிமன்றம் சென்றிருந்தது. அந்த மாநிலத்துக்கு ஏப்ரல் இறுதியில் ஏறத்தாழ 3,454 கோடி விடுவிக்கப்பட்டது. நமக்கான 276 கோடியும் அதே நாட்களில்தான் வந்தது. டிசம்பர் வெள்ளத்துக்கு ஏப்ரல் கடைசியில் பணம் வந்தது என்ற தாமதத்தை, தொகையின் சிறுமையைவிடவும் பெரிய குறையாக நான் நினைக்கிறேன்.

அடுத்த வெள்ளத்துக்கும் இதே கதைதானா? குளத்தைச் சரி பண்ண ஒரு காசும் இல்லையா?

காசு இருக்கிறது, வேறு பெயரில். 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குப் பரிந்துரைத்த பேரிடர் நிதியில் 20 சதவீதம் தணிப்புக்கானது. அதாவது வெள்ளம் வருமுன் கரையைப் பலப்படுத்துவது, வடிகாலை அகலப்படுத்துவது போன்றவற்றுக்கு. 2023 டிசம்பரில் சென்னைப் பகுதியின் நகர்ப்புற வெள்ளத் தணிப்புக்கு 561.29 கோடி ரூபாய்த் திட்டம் ஒப்புதல் பெற்றது இந்த வகையில்தான். அதில் மத்திய உதவி 500 கோடி.

தாமிரபரணிப் படுகைக்கும் அப்படியொரு திட்டம் வேண்டும். மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளின் கீழுள்ள குளங்கள் ஒன்றின் மறுகாலிலிருந்து (உபரிநீர் வெளியேறும் வழி) அடுத்த குளத்துக்குத் தண்ணீர் போகும்படி சங்கிலித் தொடராக அமைந்தவை. மேலே ஒரு குளத்தின் கரை உடைந்தால் கீழே உள்ள குளங்களும் வரிசையாக உடையும். 2023-இல் பல ஊர்கள் மூழ்கியது ஆற்று வெள்ளத்தால் மட்டுமல்ல, உடைந்த குளங்களாலும்தான். ஆகவே ஒரு குளத்துக்கு ஒரு டெண்டர் என்று தனித்தனியாகச் செய்யும் சீரமைப்பால் பலனில்லை. உங்கள் ஊர்க் குளத்தின் மறுகால் எத்தனை அடி அகலம், அதில் எவ்வளவு தூரம் ஆக்கிரமிப்பில் உள்ளது என்று அளந்து, கிராம சபைத் தீர்மானமாக நிறைவேற்றி, அந்தத் தீர்மான நகலை இரு உறுப்பினர்களுக்கும் அனுப்புங்கள். தேதியும் அளவும் உள்ள காகிதத்தை வைத்துக்கொண்டு அவையில் பேசுவது அவர்களுக்கும் எளிது.

என் மனுவைத் தள்ளிட்டாங்க. காரணமும் சொல்லல. இனி என்ன செய்ய?

நிராகரிப்புக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு தாசில்தாருக்கு மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். அதோடு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உங்கள் கதவு எண்ணுக்கோ சர்வே எண்ணுக்கோ உரிய கணக்கெடுப்புப் பதிவின் நகலைக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். "பகுதி சேதம்" என்ற குறிப்போ, வேறொருவர் பெயரோ, தவறான வங்கிக் கணக்கு எண்ணோ பெரும்பாலும் அந்த நகலில்தான் வெளிப்படும். உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போகும்போது இந்த நகலோடு போங்கள்.

தேர்தல் வந்துட்டா நிவாரணம் நின்னுடும்னு சொல்றாங்களே?

நடந்துகொண்டிருக்கும் நிவாரணப் பணி தேர்தல் நடத்தை விதிகளால் நின்றுவிடாது. புதிதாகத் தொகை அறிவிப்பதற்குத்தான் தேர்தல் ஆணையத்தின் அனுமதி தேவைப்படும். மேலே சொன்ன 2024 ஏப்ரல் ஒப்புதல்கள் மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோதே வந்தவை. ஆகவே "தேர்தல் முடியட்டும்" என்று யாராவது உங்கள் மனுவைத் திருப்பிக் கொடுத்தால், அந்தப் பதிலை மனுவின் மேலேயே எழுதிக் கையெழுத்திட்டுத் தரும்படி கேளுங்கள்.